பழைய கான்டெஸாவில் சிறிய கேரவன் இழுக்க என்னென்ன செய்ய வேண்டும்?

திருவொற்றியூர்வாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது 1995ஆம் ஆண்டு கான்டெஸா கிளாசிக் கார். இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர். அப்பா வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. நண்பர் ஒருவர் இரண்டு பேர் படுக்கக்கூடிய ஒற்றை அச்சு கேரவன் ஒன்றை விற்கிறார். காலியாக 450 கிலோ. தண்ணீர், அடுப்பு, மெத்தை எல்லாம் ஏற்றினால் 550 வரும் என்கிறார். அதற்குத் தனி பிரேக் கிடையாது.

நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். முதலில் பழவேற்காடு, பிறகு ஏலகிரி என்று ஆசை. எங்கள் தெரு வெல்டர் பின் பம்பரிலேயே கொக்கி வைத்துத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
ஐயா, பம்பரில் வேண்டவே வேண்டாம். வெல்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அரை டன் எடை ஒவ்வொரு பள்ளத்திலும் இழுப்பதையும் தள்ளுவதையும் அது தாங்காது.

கான்டெஸாவுக்கு லாரியைப் போலத் தனி சேஸ் கிடையாது. உடலும் தரையும் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு. டிக்கிக்கு அடியில் இரு பக்கமும் ஓடும் பெட்டிச் சட்டங்கள்தான் கொக்கிக்குப் பிடிமானம். நீங்களோ கடற்கரையில் இருக்கிறீர்கள். நம் பக்கத்துப் பழைய கார்களில் மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் தகடு அப்பளமாக இருக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடிப்பூச்சைச் சுரண்டி, அந்தச் சட்டங்களை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங்கின் பின்முனை தொங்கும் இடத்தையும் ஸ்டெப்னி குழியையும் விடாதீர்கள். முனை உள்ளே இறங்கினால் முதலில் தகடு வேலை, கொக்கி அதன் பிறகுதான். துருவின் மேல் வைத்த வெல்டிங் நிற்காது.

சட்டம் திடமாக இருந்தால், இரு பக்கமும் இரண்டிரண்டு இடங்களில் 8.8 தர (அதிக உறுதியான) போல்ட் போட்டு, உட்புறம் கனமான தகடு கொடுத்து முடுக்க வேண்டும். கேரவனின் கப்ளரில், அதாவது கொக்கியின் பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் முனையில், அளவு பொறித்திருக்கும். 50 மில்லிமீட்டரா, இரண்டு அங்குலமா என்று பார்த்து, அதே அளவுப் பந்தைப் போடுங்கள். "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று கடையில் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்தது எடை. நண்பர் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம். மணலியிலும் மாதவரத்திலும் லாரிகளுக்கான எடைமேடைகள் இருக்கின்றன. பயணத்துக்குரிய சாமான் முழுவதையும் ஏற்றி, காரையும் கேரவனையும் தனித்தனியே எடைபோட்டுச் சீட்டு வாங்குங்கள். பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவையோ, காரின் எடையில் பாதியையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. உங்கள் கார் 1,200 கிலோ என்று வைத்தால் பாதி 600. அதாவது 550 என்பதே விளிம்பு. கொக்கியின் மேல் இறங்கும் எடை கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 550 கிலோவுக்கு 28 முதல் 38 கிலோ. வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசை வைத்தே அளக்கலாம். தண்ணீர்க் கேனை அச்சுக்கு நேர்மேலே வையுங்கள். பின்கோடியில் வைத்தால் கேரவன் ஆட்டம் போடும்.

மற்றவை சுருக்கமாக: ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் புதிதாக மாற்றுங்கள். கிளட்ச் பிளேட் பாதி தேய்ந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். பின் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் பட்டைகளைப் புதுப்பியுங்கள். பின் பிரேக் டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள். கேரவனை இழுக்கும்போது ஐந்தாம் கியர் வேண்டாம், நான்காவதே போதும்.

மாதவரம் வாசகி:
தாள்களையும் பாருங்கள், ஐயா. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். எனவே கேரவனுக்கும் பதிவும் காப்பீடும் தேவை. அதன் பதிவுச் சான்றை முதலில் கேட்டு வாங்குங்கள். காரில் மாற்றம் செய்வது அதே சட்டத்தின் 52ஆவது பிரிவுக்குள் வரும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை எழுத்தில் பெறுங்கள், வாய்வார்த்தை போதாது. பதினைந்து ஆண்டு கடந்த கார் என்பதால் பதிவுப் புதுப்பிப்பும் நடப்பில் இருக்க வேண்டும்.

திருவொற்றியூர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. வெல்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு முந்தும்போது கேரவன் பாம்பு போல நெளிய ஆரம்பித்தால் என்ன செய்வது? ஏலகிரி பற்றியும் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
நெளிந்தால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை மிதிக்காதீர்கள். திருப்பிச் சரிசெய்யவும் முயலாதீர்கள், வேகம் குறையும்போது தானே அடங்கும். மீண்டும் நெளிந்தால் ஓரமாக நிறுத்திச் சாமானை மாற்றி அடுக்குங்கள். கேரவன் காரைவிட அகலம் என்றால் பக்கவாட்டு நீட்டுக் கண்ணாடி இல்லாமல் அந்தச் சாலைக்கு வரவே கூடாது. லாரி ஓட்டுநர் உங்களைப் பார்ப்பதைவிட நீங்கள் அவரைப் பார்ப்பது முக்கியம்.

பழவேற்காட்டுக்கு மீஞ்சூர், பொன்னேரி வழி முழுக்கச் சமதளம். பழகுவதற்கு அதைவிட நல்ல சாலை இல்லை, விடியற்காலையில் கிளம்புங்கள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதை உங்கள் இன்ஜின் பார்த்துக்கொள்ளும், என் கவலை இறங்குவதில்தான். இரண்டாம் கியரில் இறங்கினாலும், பிரேக் இல்லாத 550 கிலோ ஒவ்வொரு வளைவிலும் காரைப் பின்னாலிருந்து தள்ளும். பின் டிரம் சூடேறினால் பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. எனவே ஏலகிரி ஆசை இருந்தால், கேரவனுக்கு பிரேக் டிரம் உள்ள அச்சும், கார் வேகம் குறையும்போது தானே பிடிக்கும் ஓவர்ரன் கப்ளரும், இணைப்பு கழன்றால் பிரேக்கை இழுக்கும் கம்பியும் மாற்ற ஆகும் செலவை நண்பர் சொல்லும் விலையோடு சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். லிஃப்டில் ஏற்றியதும் அடிப்பாகத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள், சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.