வேலை நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள், அன்எம்ப்ளாய்மென்ட் கேட்கலாமா?

ஆற்றுமணல்:
கலிஃபோர்னியாவில் ஒரு விடுதியின் கணக்குப் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. போன வாரத்திலிருந்து 40 மணி நேரத்தை 20 ஆக்கிவிட்டார்கள். வாரம் 900 டாலர் வந்த இடத்தில் இனி 450. வேலை முழுதாகப் போகவில்லை, அதனால் வேலையிழந்தவர்களுக்கு மாநிலம் தரும் அன்எம்ப்ளாய்மென்ட் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூச்சமாக இருக்கிறது. நாளைக்குக் குடியுரிமை மனுவில் இது இடிக்குமோ என்று கணவருக்குப் பயம்.

பட்டறைக்காரன்:
வேண்டாம் சகோதரி. பன்னிரண்டு பேரை வைத்து அச்சகம் நடத்துகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். யாரையும் வெளியே அனுப்ப மனசில்லாமல்தான் முதலாளி நேரத்தைக் குறைப்பார். நீங்கள் க்ளெய்ம் போட்டால் அது அவர் கணக்கில் ஏறும், பின்னால் அவருடைய வரி விகிதம் கூடும். போதாததற்கு, இந்த உதவித்தொகையைக் கொடுக்க 2020-இல் மாநிலம் மத்திய அரசிடம் வாங்க ஆரம்பித்த கடனுக்காக எங்களிடம் மத்திய வரியும் கூடுதலாக வசூலிக்கிறார்கள். அரைச் சம்பளமாவது தருகிறவர் தலையில் இதையும் வைக்க வேண்டுமா?

நெடுவழி:
கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. தொழிலாளிக்கு வருமானம் அறுந்தால் கொடுப்பதற்கென்றே முதலாளியிடம் வாங்கும் வரி இது. 1935-இல் வந்த மத்திய சட்டத்தால் நாடு முழுக்க இருக்கிறது. மாநில வரி, ஒரு ஆளின் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு மட்டும்தான். உச்ச விகிதமான 6.2 சதவீதமே போட்டாலும் ஆண்டுக்கு 434 டாலர். இவர் ஒரே வாரத்தில் இழப்பது 450.

பட்டறைக்காரன்:
விகிதம் ஒரு ஆளுக்கு மட்டும் ஏறாதே! எனக்குப் பன்னிரண்டு பேருக்கும் ஏறும், 5,208 டாலர். அப்புறம், இவருக்கு எவ்வளவு வரும் என்றும் சொல்லுங்கள்.

நெடுவழி:
பன்னிரண்டு பேருக்கும் ஏறும் என்பது சரி, அதை நான் விட்டுவிட்டேன். ஆனால் பூஜ்யத்திலிருந்து யாரும் ஏறுவதில்லை. புது முதலாளிக்கே 3.4 சதவீதம் போடுகிறார்கள், ஒருவர் வாங்கும் பகுதித் தொகையால் அது ஒரே அடியாக 6.2-க்குப் போய்விடாது.

வரும் தொகை குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். அவருடைய பழைய சம்பளத்துக்கு வாரத் தொகை உச்சவரம்பான 450 கிடைக்கும். இப்போது வரும் 450-இல் கால் பங்கை விட்டுவிட்டு மீதி 337.50-ஐ அதில் கழிப்பார்கள். கையில் சுமார் 112 டாலர், அதுவும் முதல் வாரம் காத்திருப்பு வாரம் என்பதால் கிடையாது.

ஆனால் இந்த மாநிலத்தில் 1978-லிருந்தே வொர்க் ஷேரிங் என்ற திட்டம் இருக்கிறது. நேரம் 10 முதல் 60 சதவீதம் வரை குறைந்தால், குறைந்த அதே சதவீதத்துக்கு உதவித்தொகை. பாதி குறைந்தால் 225 டாலர், இரண்டு மடங்கு! அதற்கு முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பிரிவில் குறைந்தது இரண்டு பேருக்காவது நேரம் குறைந்திருக்க வேண்டும். ஆட்களை விடக் கூடாது என்று நினைக்கும் முதலாளிக்காகவே வந்த ஏற்பாடு இது ஐயா. உங்கள் அச்சகத்தில் எப்போதாவது நேரத்தைக் குறைத்திருந்தால், அப்போது இதைக் கேட்டீர்களா?

பட்டறைக்காரன்:
கேட்கவில்லை. அதுவும் என் கணக்கில்தான் ஏறும் என்றாலும், ஆட்கள் வேறு வேலை தேடிப் போகாமல் இருப்பார்கள் என்றால் யோசிக்கலாம். ஆனால் முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் க்ளெய்ம் போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஆறு வருட உறவு அது.

தாழம்பூ:
பேசுங்கள், ஆனால் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் பொதுவாகக் கணக்கு. போன வாரம் போனதுதான், இந்த வாரத்தையாவது விடாதீர்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருமானத்தை எழுதித் தர வேண்டும். நான் சம்பளம் கைக்கு வந்த வாரத்தில், பிடித்தம் போக வந்த தொகையை எழுதினேன். வேலை செய்த வாரத்தில், பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை எழுதியிருக்க வேண்டும். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த நாளில் எனக்குத் தூக்கமே இல்லை. வேண்டுமென்றே மறைத்ததாக முடிவு செய்தால் மேலே 30 சதவீத அபராதமும் உண்டு. எனக்கு அது போடவில்லை. எந்த முடிவையும் எதிர்த்து முறையிட 30 நாள் இருக்கிறது. தொகைக்கு மாநில வருமான வரி இல்லை, மத்திய வரி உண்டு.

நெடுவழி:
கணவரின் பயத்துக்கு: அரசு உதவியை நம்பி வாழ்வாரா என்று பார்க்கும் 'பொதுச்சுமை' சோதனையே குடியுரிமை மனுவில் கிடையாது. அந்தச் சோதனை உள்ள இடங்களிலும் 2022 விதி இதை அரசு உதவியாக எண்ணவில்லை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இதைப் பார்த்து இறங்க வேண்டாம், அவர்கள் நிலை வேறு.

ஆற்றுமணல்:
எங்கள் பிரிவில் மூன்று பேருக்குமே பாதி நேரம்தான். மற்ற இருவரிடமும் பேசிவிட்டேன், நாளைக் காலை மூவருமாகப் போய் மேலாளரிடம் வொர்க் ஷேரிங் பற்றிக் கேட்கிறோம். க்ளெய்மை இன்றிரவே போடுகிறேன், போட்டதையும் அவரிடம் சொல்லிவிடுவேன். கணவர் பே ஸ்லிப்புகளை வாரவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்.