3 கிரெயின் வித்தியாசம்: சுட்ட தோட்டா கேஸை எடை போடுறது வெட்டி வேலையா?

நகைப்பட்டறை (டெக்சஸ்)
சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டை (கேஸ்னாலும் பிராஸ்னாலும் அதான்) திரும்ப வெடிமருந்து நிரப்பிச் சுடறவங்க நாம. முந்தாநாள் பிரைமர் (கேஸ் அடியில இருந்து மருந்தைப் பத்தவைக்கிற சின்ன மூடி) பத்தின திரியில ஒரு மகானுபாவர் போற போக்குல எழுதியிருக்கார்: "பிராஸை எடை போட்டுப் பிரிக்கிறது வெட்டி வேலை." அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. நேத்து ராத்திரி உட்கார்ந்து 100 கேஸ் போட்டுப் பார்த்துட்டேன். .308 ரைபிள் கேஸ், ஒரே ஹெட்ஸ்டாம்ப் (அடியில குத்தியிருக்கிற முத்திரை), ஒரே டப்பா. பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கழுவி, காயவெச்சு, ஒரே நீளத்துக்கு ட்ரிம் பண்ணி அப்புறம்தான் தராசு. குறைஞ்சது 169.8 கிரெயின் (ஒரு கிரெயின்னா கிராம்ல ஏறக்குறைய பதினஞ்சுல ஒரு பங்கு), கூடினது 172.9. மூணு கிரெயின் சொச்சம்! எல்லாமே என் ரைபிள்ல, ஒரே சேம்பர்ல (தோட்டா உட்கார்ற அறை) வெடிச்சது, வெளி அளவு ஒண்ணுதான். அப்ப கூடின எடை எங்க உட்கார்ந்திருக்கு? உள்சுவர்ல. உள்ளே இடம் குறைஞ்சா பிரஷர் ஏறும். இது வெட்டி வேலையாம்.

வெர்னியர்
அந்த மகானுபாவர் நான்தான் சார். பேரைச் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

கேஸோட அடி விளிம்புக்கு மேல ஒரு பள்ளம் ஓடுதே, சுட்ட கேஸை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடிக்கிற இடம், அதைக் கடைஞ்சு எடுக்கிறாங்க. கடைசல்ல ஒரு இழை ஆழம் கூடினா கேஸ் எடை குறையும். ஆனா உள்ளே ஒரு பொட்டு இடம்கூட அதிகமாகாது. அந்தப் பள்ளம் சேம்பர் சுவரைத் தொடறதே இல்ல, எத்தனை தடவை சுட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். உங்க மூணு கிரெயின் அங்கேகூட இருக்கலாம். தராசு இடத்தைக் காட்டாது.

நகைப்பட்டறை
எங்க தாத்தா கோயமுத்தூர்ல பட்டறை வெச்சிருந்தவர். மூணு கிரெயின்னா ஏறக்குறைய ஒன்றரை குண்டுமணி. ஒன்றரை குண்டுமணி குறைஞ்சா அவர் வீட்டுக்கு விடமாட்டார். தராசைப் பத்தி எனக்குப் பாடம் வேண்டாம்.

வெர்னியர்
தங்கத்தை எடைக்கு விக்கிறாங்க சார். கேஸ்ல நமக்கு வேண்டியது கொள்ளளவு. உங்க தாத்தா சொம்புல எவ்வளவு தண்ணி பிடிக்கும்னு தராசுலயா பார்த்தார்?

புதுசு_308
அண்ணன்களுக்கு வணக்கம். இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். ரேஞ்ச்ல பொறுக்கின பிராஸ் ஒரு பை இருக்கு. எவ்வளவு நீளத்துக்கு ட்ரிம் பண்ணணும்னு யாராவது சொல்ல முடியுமா?

நகைப்பட்டறை
தம்பி, ட்ரிம் அப்புறம். முதல்ல எடை போடுங்க.

ஸ்கார்பரோ_சிவா
நகைப்பட்டறை ஐயா, கணக்கைக் கொஞ்சம் பாருங்கோ. பித்தளை தண்ணியை விட எட்டரை மடங்கு கனம். உங்கட மூண்டு கிரெயினும் முழுக்க உள்சுவரிலதான் எண்டு வைச்சாலும், உள்ள பிடிக்கிற தண்ணியின்ர எடைக் கணக்கில 0.35 கிரெயின்தான் வரும். .308 கேஸ் கொள்ளுறதோ 56 கிரெயின் தண்ணி அளவில. நூற்றுக்கு ஒரு வீதம்கூட இல்லை.

தம்பி புதுசு, ஆகக்கூடின நீளம் 2.015 அங்குலம். 2.005-க்கு வெட்டுங்கோ.

நகைப்பட்டறை
ஒரு வீதம் இல்லையாம்! அப்ப ஒப்புக்கிறீங்க இல்ல, வித்தியாசம் இருக்குன்னு. அதைத்தானே நானும் சொல்றேன். மூணு கிரெயின்.

ஸ்கார்பரோ_சிவா
நான் எங்கை ஒப்புக்கொண்டனான்?

மீனாட்சிபுரம்
ரேஞ்ச்ல பொறுக்குற புதுப் பயலுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். எல்.சி.ன்னு முத்திரை, பக்கத்துல ரெண்டு இலக்க வருஷம், வட்டத்துக்குள்ள சிலுவை இருந்தா அது மிசௌரி லேக் சிட்டி ஆலையோட ராணுவ பிராஸ். பிரைமர் குழியைச் சுத்தி அழுத்தி வெச்சிருப்பான். அந்த அழுத்தத்தை ஸ்வேஜ் பண்ணாம (குழி வாயைத் தள்ளி விரிக்காம) புது பிரைமரை உள்ள தள்ளினா நசுங்கும். 7.62 (.308-ஓட ராணுவ வடிவம்) ராணுவ கேஸ் சுவரும் தடிமன். சாதா .308-க்குப் போடுற மருந்தை அதே அளவு அதுல போட்டுராதீக, குறைச்சு ஆரம்பிச்சு ஏத்துங்க.

நகைப்பட்டறை
பார்த்தீங்களா! தடிமன், எடை, உள் இடம். நான் சொன்னதேதான். என் தராசுல எல்.சி. 178, வின்செஸ்டர் 157.

வெர்னியர்
அதுக்குத் தராசு எதுக்கு? ஹெட்ஸ்டாம்ப்பைப் பார்த்தாலே ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சிடுமே. கண் இருக்கில்ல? அதோட, இந்த "ராணுவ பிராஸ்னாலே தடிமன்"கிறதை 5.56-க்கும் (.223-ஓட ராணுவ வடிவம்) நீட்டிக்கிட்டுப் போறாங்க. லேக் சிட்டி 5.56 கேஸும் கடையில வாங்கின .223 கேஸும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவுதான். தண்ணி ஊத்திப் பாருங்க. சுட்ட கேஸ், சைஸ் பண்ணாதது (டைங்கிற அச்சுல அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவராதது), பழைய பிரைமர் அடியில அடைச்சபடியே இருக்கணும். வாய் வரைக்கும் நிரப்பி, மேல குமிழ் மாதிரி எழும்பாம மட்டம் பார்த்து, அப்புறம் எடை.

நகைப்பட்டறை
"அப்புறம் எடை." கடைசியில தராசுகிட்டதான் வந்தீங்க. 😄

புதுசு_308
கழுவறதுக்கு டம்ளர் மெஷின் இன்னும் வாங்கல. அம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பாங்க. கேஸுக்கும் போடலாமா?

மீனாட்சிபுரம்
பளபளப்பாகும். ஊறப் போட்டுட்டுத் தூங்கிராத. புளிப்புல ரொம்ப நேரம் கிடந்தா துத்தநாகம் கழண்டு செம்புச் சிவப்பு தட்டும். இந்த கேஸ்ல நூத்துக்கு 70 செம்பு, 30 துத்தநாகம். சிட்ரிக் ஆசிட் கொஞ்சம், சோப்பு கொஞ்சம், வெதுவெதுன்னு தண்ணி, பத்து நிமிஷம் போதும். பளபளப்பைப் பார்த்து குண்டு நேராப் போகாதுடே.

ஸ்கார்பரோ_சிவா
டப்பாவில வாற பொலிஷ் சிலதில அம்மோனியா இருக்கும், அதை மட்டும் தொடாதேங்கோ. வெள்ளைக்காரன் காலத்தில இந்தியாவில மாரிக்குத் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில வைச்சவை, எடுத்துப் பார்த்தால் பித்தளையில வெடிப்பு. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் எண்டு 1921-இலதான் விளங்கப்படுத்தினவை.

நகைப்பட்டறை
குதிரை மூத்திரம் வரைக்கும் போயாச்சு. என் மூணு கிரெயினுக்கு மட்டும் பதில் இல்ல.

வெர்னியர்
பதில் சொல்லி முடிச்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு. உங்க தராசு ஏசி காத்துக்கே ஆடும். போன வருஷம் உங்க கராஜ்ல நானே பார்த்தேன், ஒரே கேஸை மூணு தடவை வெச்சா மூணு எடை.

நகைப்பட்டறை
கராஜுக்கு வந்தது ஞாபகம் இருக்கு. என் ட்ரிம்மரை எடுத்துக்கிட்டுப் போனதும் ஞாபகம் இருக்கா?

வெர்னியர்
பைலட் (கேஸ் வாய்க்குள்ள போற கம்பி) வளைஞ்ச ட்ரிம்மர். உங்களுக்குச் சரி பண்ணித்தான் வெச்சிருக்கேன்.

நகைப்பட்டறை
எட்டு மாசமாவா சரி பண்றீங்க? என்கிட்ட இருந்தப்ப வளையல.

மீனாட்சிபுரம்
ரெண்டு பெரியவுகளும் போன்ல பேசிக்கலாமே.

புதுசு_308
இன்னொரு சந்தேகம். ஒருத்தர் கொடுத்த கேஸ், அஞ்சு தடவை சுட்டதாம். அடியில இருந்து கொஞ்சம் மேல, சுத்தி ஒரு பளிச்சுன்னு கோடு தெரியுது. டை உரசின தடமா?

ஸ்கார்பரோ_சிவா
தம்பி, அதைச் சுடாதேங்கோ! ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் மடிச்சு, வாயால உள்ள விட்டு அடியில இருந்து சுவரோட மெதுவா மேல இழுத்துப் பாருங்கோ. கோடு இருக்கிற இடத்தில நுனி தடக்குப்படுதோ?

புதுசு_308
ஆமா. ஒரு பள்ளத்துல விழுந்து எழுந்திருக்கிற மாதிரி "டக்"னு மாட்டுது. மத்ததுல வழுக்கிக்கிட்டு வருது.

வெர்னியர்
உள்ளே சுவர் மெலிஞ்சுபோச்சு. அடுத்த தடவை ரெண்டா பிரியும், சூடான வாயு உங்க முகத்துப் பக்கம் வரும். பிளையர்ல நசுக்கிப் போடுங்க, அதே ஆள் கொடுத்த மத்ததையும் கிளிப் விட்டுப் பாருங்க. கேஸோட தோளை (கழுத்துக்குக் கீழே சரியிற இடம்) அதிகமா பின்னாடி தள்ளி சைஸ் பண்ணியிருக்கார். போல்ட் ரைபிளுக்கு ரெண்டாயிரத்தில் ஒண்ணு, ரெண்டு... மன்னிக்கணும், 0.002 அங்குலம் தள்ளினா போதும். இதைத்தான் பார்க்கணும் சார், எடையை இல்ல.

நகைப்பட்டறை
எழுதத் தெரியல, அளக்கத் தெரியுமாம். மெலிஞ்ச சுவர்னா எடை குறைஞ்சிருக்கும். என்னை மாதிரி எடை போட்டிருந்தா முன்னாடியே மாட்டியிருக்கும்.

வெர்னியர்
அய்யோ. பித்தளை எங்கேயும் பறந்து போகல சார், நீண்டு கழுத்துப் பக்கம் போயிருக்கு. ட்ரிம் பண்ணித் தள்ளினதுதான் குறையும். அதை வெச்சு நீங்க கண்டுபிடிக்கவே முடியாது.

நகைப்பட்டறை
குறையும்னு நீங்களே சொல்லிட்டீங்க.

புதுசு_308
ஹேக்ஸாவால நெடுக அறுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு நேரா உள்ள ஒரு வளையம், நகம் மாட்டுற அளவு பள்ளம். கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றி.

நகைப்பட்டறை
அறுக்கறதுக்கு முன்னாடி எடை போட்டீங்களா தம்பி? எவ்வளவு இருந்துச்சு?

வெர்னியர்
😐

நகைப்பட்டறை
மூஞ்சியைத் தூக்கி வெச்சா ஆச்சா? ட்ரிம்மர் எப்ப வரும்?