300 மீட்டர் ரிவர்ஸ்: தோட்டத்துக்கு இரண்டாவது வண்டி எது?

மெட்டுக்காரன்:
நேற்று இங்கே ஒன்றைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாலு ஏக்கர் தம்பி கேட்டது இது: வீட்டுக் கார் போடியில் இருக்கிறது, ஏலக்காய்த் தோட்டத்துக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு வண்டி வேண்டும், கையில் 2 லட்சம், மெட்டுக்கு அந்தப்பக்கம் கேரளாவில் இருக்கிற பூப்பாறையிலிருந்து உள்ளே 3 கிலோமீட்டர் மண்ணும் கல்லுமான பாதை. அதற்குக் கல்லுப்பாதை என்பவர், "ஜீப் எல்லாம் எதற்கு? என் ஆல்டோ கொட்டுகிற மழையில் 4 மூட்டை பச்சைக் காயோடு 300 மீட்டர் மேட்டை ரிவர்ஸிலேயே ஏறியது" என்று பதில் போட்டிருக்கிறார். இதை நம்பித் தம்பி ஒரு சின்னக் கார் வாங்கிவிட்டால் ஆடி மழையில் யார் போய் இழுப்பது? போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவிலும் 22 வருஷமாக ஓட்டுகிறேன். கேட்கிறேன், சொல்லுங்கள். 300 மீட்டரும் ரிவர்ஸா?

கல்லுப்பாதை:
ஆமாம் அண்ணே, 300 மீட்டரும்தான். முன் சக்கரம் இழுக்கிற வண்டி மேடு ஏறும்போது பாரம் பின்பக்கம் சாயும், முன் டயர் பிடிப்பில்லாமல் சுற்றும். அதே வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் இழுக்கிற சக்கரம் பள்ளத்துப் பக்கம் வந்துவிடும், பாரம் அதன் மேல் உட்காரும். வண்டியே முக்கால் டன்தான். மலையில் ஓட்டிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். 22 வருஷம் ஓட்டியவருக்குத் தெரியாமல் போனது ஆச்சரியம்.

மெட்டுக்காரன்:
ரிவர்ஸில் பிடிப்பு கூடும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வெறும் வண்டிக்கு அது சரி. 4 மூட்டை எங்கே இருந்தது? டிக்கியில்தானே? டிக்கி பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே 200 கிலோவை ஏற்றினால் மூக்கு தூக்கும். அப்புறம் முன் சக்கரத்தில் எந்தப் பாரம் உட்கார்ந்தது? ஆல்டோ 800க்குத் தரை இடைவெளி 160 மில்லிமீட்டர், சக்கரம் 12 இஞ்ச். மூட்டை ஏறினால் பின்பக்கம் எவ்வளவு இறங்கும் என்பது ஏற்றிப் பார்த்தவனுக்குத் தெரியும். அதோடு 300 மீட்டர் ரிவர்ஸ்!

போடி டீசல்:
எங்கள் அப்பா வாங்கிப் போட்ட மகிந்திரா ஜீப், பியூஜோ டீசல் எஞ்சின், இன்றைக்கும் ஒரே சாவியில் பிடிக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு இன்றும் ஜீப்பில்தானே ஏறுகிறார்கள்? அங்கே எந்த ஆல்டோ போகிறது? இதில் பேச என்ன இருக்கிறது?

பூப்பாறை வாசி:
ஜீப் பெருமை போதும். காலை ஆறு மணிக்கு மெட்டேறி வருகிற ஜீப்புகளைப் பார்த்தால் எனக்கு வயிறு பிசையும். உள்ளே மூச்சுவிட இடமில்லாமல் பெண்கள், மடியில் தூக்குவாளி, பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கும் இரண்டு பேர். உங்கள் ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

போடி டீசல்:
அந்தத் தோட்டங்களுக்குப் பஸ் விடச் சொல்லுங்கள், நான் ஜீப்பை நிறுத்திவிடுகிறேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து போடியிலிருந்து ஆள் போகாமல் உங்கள் பக்கம் எந்தத் தோட்டத்தில் காய் எடுத்தார்கள்?

நாலு ஏக்கர்:
அண்ணன்களே, எனக்கு ஆள் ஏற்ற வேண்டாம். வாரம் இரண்டு தடவை உரம் போகணும், காய் பறிக்கிற எடுப்புக் காலத்தில் பச்சைக் காய், அதை உலர்த்துகிற ஸ்டோருக்கு வரணும். ஆல்டோவா, ஓம்னியா?

மெட்டுக்காரன்:
தம்பி, உனக்காகத்தான் இவ்வளவும் பேசுகிறேன். பச்சைக் காய் சுமார் 5 கிலோ காய்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய். அதாவது பாதையில் நீ ஏற்றிப் போகிறதில் பெரும்பகுதி தண்ணீர்ப் பாரம், அதுவும் மழைக் காலத்தில். அந்தப் பாரம் இழுக்கிற சக்கரத்தின் மேல் உட்கார்ந்தால்தான் மேடு ஏறும். ஓம்னிக்கு இழுப்பது பின் சக்கரம், மூட்டையும் அங்கேதான் இருக்கும். வெறும் வண்டியாகப் போனால் வழுக்கும், பாரம் ஏற ஏறப் பிடிக்கும். 796 சிசி எஞ்சின்தான், பின்னால் பட்டை ஸ்பிரிங், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். 2019-ல் உற்பத்தி நின்றாலும் பழைய சாமானுக்குப் பஞ்சமில்லை. பொலேரோவுக்கும் இழுப்பது பின் சக்கரம்தான், தரை இடைவெளி 180 மில்லிமீட்டர், ஆனால் 2 லட்சத்துக்கு வருவது வயசான வண்டியாக இருக்கும்.

கையில் காசு இருந்தால் ஜிப்சி. 210 மில்லிமீட்டர், நாலு சக்கரமும் இழுக்கும், லோ கியர் உண்டு. என் பழைய ஜிப்சியில் முன் சக்கரத்து ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். மழையில் இறங்கி, கால்சட்டை முழங்கால் வரை சேறாகி, அந்த வட்டக் குமிழைத் திருப்பும்போது விரல் விறைத்துப்போகும். அதற்கப்புறம் கிளட்சை மெல்ல விட்டால் போதும், வண்டி பூனை மாதிரி ஏறும். மைலேஜ் கையைக் கடிக்கும், வித்தவன் சொல்கிற விலையும் கடிக்கும். அதனால்தான் உனக்கு ஓம்னி என்கிறேன்.

முன் சக்கர டிரைவ் வேண்டாம் என்று சும்மா சொல்லவில்லை. நானும் ஒரு சின்னக் கார் வைத்திருந்தேன். ஒரு ஆவணியில் பாதை நடுவில் துருத்திய கல்லில் எஞ்சின் அடியில் இருக்கிற ஆயில் சேம்பர் அடித்தது. இறங்கிப் பார்த்தால் ஈரக்கல்லின் மேல் கறுப்பு ஆயில் கோடாக வழிந்து ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மூட்டையைத் தலையில் வைத்து ஸ்டோர் வரைக்கும் நடந்தேன். அதனால் மறுபடியும் கேட்கிறேன், 300 மீட்டர் ரிவர்ஸில் ஒரு கல்கூட இல்லையா?

கல்லுப்பாதை:
கல்லைப் பார்த்து ஓட்டத் தெரியாததற்கு வண்டி என்ன செய்யும்? நான் 300 மீட்டரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஏற்றினேன். 2 மூட்டை டிக்கியில், 2 மூட்டை முன் சீட்டில்.

மெட்டுக்காரன்:
நேற்று முன் சீட்டு இல்லை. இன்றைக்கு வந்துவிட்டது.

பூப்பாறை வாசி:
எந்த வண்டி வாங்கினாலும் கேரளா நம்பரில் வாங்கு தம்பி. உங்கள் தேனிப் பக்கத்து டிஎன்-60 வண்டியை 12 மாதத்துக்கு மேல் தோட்டத்திலேயே போட்டு வைத்தால் இங்கே பதிவை மாற்ற வேண்டும், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. 15 வருஷம் தாண்டிய கார் என்றால் பதிவுச் சான்று, அதாவது ஆர்சி, புதுப்பிக்கவே 5,000 ரூபாயாவது ஆகும், 2022 ஏப்ரலிலிருந்து. மலிவு என்று ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிக்கொள்ளாதே.

போடி டீசல்:
வண்டி ராத்திரி போடிக்குத் திரும்பிவிட்டால் எதற்கு மாற்ற வேண்டும்? பெட்ரோல் போடியில் அடித்தால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். 2023-ல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வரி வேறு போட்டீர்கள். தோட்டம் எங்களுடையது, வியர்வை எங்களுடையது, வரி மட்டும் உங்களுக்கா?

பூப்பாறை வாசி:
பாதை எங்களுடையது. மழைக்கு அது இடிந்தால் கல் போட்டு நிரவுவது நாங்கள். ஜீப்பை ஓட்டி அதைக் கிளறிவிட்டுப் போவது நீங்கள்.

மெட்டுக்காரன்:
பாதைச் சண்டை அப்புறம். 300 மீட்டருக்குப் பதில் வரவில்லை. கல்லுப்பாதை, உங்கள் தோட்டத்துப் பாதை எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? போன எடுப்பில் அங்கே லோடு அடித்தது என் வண்டிதான். கல்வெர்ட் என்கிற சின்னப் பாலத்திலிருந்து பலாமரம் வரை சமதரை. மேடு பலாமரத்தில்தான் ஆரம்பம். அங்கிருந்து ஸ்டோர் வாசலுக்கு 120 மீட்டர் இருந்தால் அதிகம்.

கல்லுப்பாதை:
கல்வெர்ட்டிலிருந்து அளந்தால் 300. நான் கல்வெர்ட்டிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன். பலாமரத்தடியில் திருப்ப இடம் ஏது? அப்படியானால் 300 மீட்டர் ரிவர்ஸ்தானே?

மெட்டுக்காரன்:
"300 மீட்டர் மேடு" என்று எழுதியது யார்? அந்த லோடுக்கு இரண்டு டிரிப் வாடகை 1,800 ரூபாய் இன்னும் என் கைக்கு வரவில்லை. அதையும் ரிவர்ஸில்தான் அனுப்பினீர்களோ?

கல்லுப்பாதை:
இரண்டாவது டிரிப்பில் தார்ப்பாய் கட்டாமல் வந்து என் ஒரு மூட்டை காய் நனைந்தது. அந்த நஷ்டத்தை யார் தருவது? அதைத் தந்தால் வாடகை அன்றைக்கே வரும்.

மெட்டுக்காரன்:
செடியிலிருந்து எடுத்ததே மழையில். தார்ப்பாய் கட்டினால் மட்டும் காய்ந்திருக்குமா?

நாலு ஏக்கர்:
அண்ணே, ராஜகுமாரியில் ஒரு ஓம்னி 1,10,000 சொல்கிறார்கள். பார்க்கப் போகலாமா?

போடி டீசல்:
ஜீப் பார் தம்பி.

பூப்பாறை வாசி:
எந்த நம்பர் வண்டி?

கல்லுப்பாதை:
ஆல்டோவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். என் வண்டியையே தருகிறேன்.

மெட்டுக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை காலை டேப்போடு வருகிறேன். 4 மூட்டையும் டிக்கியில் இருக்க வேண்டும், முன் சீட்டில் ஒன்றும் கூடாது. பலாமரத்திலிருந்து.

கல்லுப்பாதை:
வாருங்கள். கல்வெர்ட்டிலிருந்து.