1.8 சதவீதம் கொடுத்து லார்ஜ் கேப் ஃபண்டில் இருக்க வேண்டுமா?

கொல்லிமலைத்தேன்:
வங்கியில் வேலை பார்க்கும் பழக்கக்காரர் ஒருவர் சொல்லி, 2016 முதல் ஒரு லார்ஜ் கேப் (பெரிய கம்பெனிப் பங்குகளில் போடும்) மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போட்டு வருகிறேன். போன வாரம்தான் ஸ்டேட்மெண்டில் 'ரெகுலர்', அதாவது விற்றவருக்குக் கமிஷன் போகும் பிளான், என்று இருப்பதைக் கவனித்தேன். செலவு விகிதம், அதாவது முதலீட்டிலிருந்து வருடாவருடம் கழிக்கும் கட்டணம், 1.8 சதவீதம். இடையில் ஆள் இல்லாமல் நேரடியாக வாங்கும், அதே ஃபண்டின் டைரக்ட் பிளானில் 0.9. நிஃப்டி குறியீட்டில் உள்ள 50 பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் 0.2. மாறிவிடலாமா?

கணக்குப்புலி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியது. உங்களுக்கு விற்றவர் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சதவீதம்தானே என்று விடாதீர்கள். மாதம் 10,000, 20 வருடம், ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைத்தால் கிட்டத்தட்ட 1 கோடி. 11 என்றால் 87 லட்சம். அந்த 20 வருடத்தில் நீங்கள் போடுவது 24 லட்சம். அதில் பாதி அளவுக்கு அந்த ஒரு சதவீதமே தின்றுவிடுகிறது.

ஊர்ஏஜெண்ட்:
நான் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தன். திட்டுவீர்கள், பரவாயில்லை. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. இரவு வரை போன். எல்லோரிடமும் "தொடாதீங்க" என்றுதான் சொன்னேன். அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது. ஆப்பில் தனியாகப் போட்டவர்களுக்கு அன்று யார் சொன்னார்கள்? பயந்து விற்றவனுக்கு ஒரு சதவீதம் மிச்சமாகி என்ன புண்ணியம்?

கணக்குப்புலி:
அந்த ஒரு போனுக்கு ஆயுள் முழுக்க வாடகையா அண்ணே? முதலீடு 50 லட்சமாக வளர்ந்தால் 0.9 சதவீதம் என்பது வருடம் 45,000 ரூபாய். வேலை என்னவோ அதேதான். 2009-ல் செபி என்ட்ரி லோடை (முதலீடு போடும்போதே பிடிக்கும் கட்டணத்தை) எடுத்தபோதும் இந்தப் பேச்சைத்தான் கேட்டோம்.

தேங்காய்மூடி:
இரண்டு பேரும் இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். ரெகுலரா டைரக்டா என்பது ஒன்று. பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் மேலாளர் வேண்டுமா, இண்டெக்ஸ் போதுமா என்பது வேறு. 2017-ல் வந்த விதிப்படி லார்ஜ் கேப் ஃபண்ட் 80 சதவீதத்தை சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளுக்குள்தான் போட வேண்டும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் சுற்றிவிட்டு, கட்டணமும் கழித்து, நிஃப்டியைத் தாண்டுவது சுலபமில்லை. டிவிடெண்ட் சேராத குறியீட்டோடு ஒப்பிட்டு "ஜெயித்துவிட்டோம்" என்று விளம்பரம் செய்ததும் 2018-ல் முடிந்துபோனது. மிட், ஸ்மால் கேப்பில் (நடுத்தர, சிறிய கம்பெனிகளில்) மேலாளருக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் இண்டெக்ஸ் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சந்தை விழுந்தால் கூடவே விழும். இன்னொன்று, கட்டணம் இன்னும் குறைவு என்று ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் ஃபண்ட்) பக்கம் ஓடினால், தினமும் எவ்வளவு கைமாறுகிறது என்று பாருங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் என்ஏவிக்கு (ஒரு யூனிட்டின் உண்மையான மதிப்புக்கு) கீழேதான் விற்க வேண்டிவரும்.

ஊர்ஏஜெண்ட்:
லார்ஜ் கேப் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். என் மகள் பேரில் போடுவதே இண்டெக்ஸில்தான்.

கணக்குப்புலி:
வாடிக்கையாளருக்கு?

ஊர்ஏஜெண்ட்:
கேட்டால் சொல்வேன்.

கொல்லிமலைத்தேன்:
அப்படியென்றால் பழைய யூனிட்டுகளை எல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடவா?

தேங்காய்மூடி:
அவசரப்படாதீர்கள். ஒரு பிளானிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்விட்ச் செய்தாலும் விற்ற கணக்குதான், வரி உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி (பங்கு) ஃபண்ட் யூனிட்டில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். முதலில் பழைய எஸ்ஐபியை நிறுத்திவிட்டு இண்டெக்ஸ் டைரக்டில் புதிதாகத் தொடங்குங்கள். பழையதை அந்த வரம்புக்குள் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கடைசி ஒரு வருடத்தில் வாங்கிய யூனிட்டுக்கு எக்ஸிட் லோடு (சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணம்) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலைத்தேன்:
நேற்று எஸ்ஐபியை நிறுத்தினேன். இன்று காலையிலேயே "ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்று அந்த வங்கி நண்பர் போன் செய்தார். 2020 மார்ச்சில் அவர் கூப்பிடவே இல்லை.

ஊர்ஏஜெண்ட்:
அவரையும் என்னையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் சார்.