டெஸ் நாவல்: என் பிரதி 1891-ஆ, 1892-ஆ?

ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் டெஸ் நாவலைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். என் மூல பாடம் (எந்தப் பதிப்பின் வாசகம்) எது என்று தெரியாமல் பத்தாம் அத்தியாயத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன்.

என்னிடம் இருப்பது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒற்றைத் தொகுதி. தலைப்புப் பக்கமும் முன்னுரையும் கிழிந்துபோய்விட்டன, பதிப்பாண்டு எங்கும் இல்லை. நண்பரின் பிரதியில் சனிக்கிழமை இரவு வைக்கோல் தூசி பறக்க நடக்கும் நடனக் காட்சி நீளமாக வருகிறது. என்னுடையதில் அது இல்லவே இல்லை. அந்தக் காட்சி ஹார்டி நூல்களின் தொகுப்பு வரிசையான 1912 வெஸ்ஸெக்ஸ் பதிப்பில்தான் நாவலுக்குள் திரும்பியது என்பதால், என் பிரதி அதற்கு முந்தைய பாடம் என்பது உறுதி.

1891-இல் தி கிராஃபிக் வார இதழில் வந்த தொடர் வடிவமாக இருக்குமோ என்றும் பார்த்தேன். குடும்பங்கள் படிக்கும் இதழ் என்பதால் அதில் டெஸ் போலித் திருமணத்தில் ஏமாற்றப்படுகிறாள். வெள்ளம் தேங்கிய பாதையில் பால்காரப் பெண்களை டெஸ்ஸின் காதலன் ஏஞ்சல் கைகளில் தூக்காமல் தள்ளுவண்டியில் வைத்துக் கடத்துகிறான். (ஒழுக்கத்தைக் காக்க ஒரு தள்ளுவண்டி! சிரித்து முடிக்கவே எனக்கு அரை நாள் ஆனது.) என் பிரதியில் 23-ஆம் அத்தியாயத்தில் கைகளில்தான் தூக்குகிறான், போலித் திருமணமும் இல்லை. ஆகவே தொடர் வடிவம் அல்ல.

மிஞ்சுபவற்றில் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு: 1891 இறுதியில் வந்த மூன்று தொகுதிப் பதிப்பின் பாடம், ஹார்டி திருத்திய 1892 ஒற்றைத் தொகுதிப் பதிப்பின் பாடம். பிற்கால மறுஅச்சு எதிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தொகுதி எண்ணிக்கையை நம்ப முடியவில்லை.

முன்னுரை இல்லாத பிரதியில் இவ்விரண்டையும் பிரித்தறிய, எந்த அத்தியாயத்தின் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?