அனுபவப் பகிர்வு: பள்ளி ஊழியர்களுக்கான சுகாதாரப் பயிற்சி கைகொடுத்த நேரம், கைவிட்ட நேரம்

பள்ளிச் செவிலியர்:
அலர்ஜி உள்ள பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் சுவரில் ஒட்டியிருந்தது, அட்ரினலின் பேனா (கடுமையான அலர்ஜிக்கு உடனே போடும், பேனா வடிவ ஊசி) அலமாரியில் இருந்தது. உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பிள்ளையைக் கால் நீட்டி உட்காரவைப்பதற்குள் என் உதவியாளர் பேனாவை எடுத்துப் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டார். பார்த்தால், அவருடைய கட்டைவிரல் ஊசி வெளிவரும் முனையின் மேல் இருக்கிறது! இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் மருந்து அவர் விரலுக்குள் போயிருக்கும். கையைப் பிடித்துத் திருப்பித் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டோம். பிள்ளை தேறிவிட்டது. ஆனால் அந்த விரல் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவர் பயிற்சிக்கு வராதவர் இல்லை. வந்தார், கையெழுத்துப் போட்டார், படம் பார்த்தார், சான்றிதழும் வாங்கினார். அறை நிறைய ஆள் இருந்தும் ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்றுதான் இருந்தது. அது முன்வரிசையைத் தாண்டவே இல்லை.

உடற்கல்வி ஆசிரியர்:
மேலே சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். கையில் கொடுத்துப் பழக்குவது சரி, யார் கையில்? மைதானத்தில் ஒரு மாணவனுக்கு வலிப்பு வந்தது. செவிலியர் இருந்தது அடுத்த கட்டடத்தில். முதலில் ஓடிவந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். யாருடைய சாப்பாட்டுப் பையிலிருந்தோ ஒரு கரண்டியை எடுத்துப் பல்லுக்கு நடுவே திணிக்கப் பார்த்தார். நான் தடுத்தால், "விடுங்க சார், நாக்கு துண்டாயிடும்" என்று கத்துகிறார். ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.

வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, நேரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் வேண்டும். இதில் ஒன்றைக்கூட அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பையன் கண் விழித்ததும் என்னிடம் கேட்டார்: "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

சுகாதாரத் திட்ட ஒருங்கிணைப்பாளர்:
சர்க்கரை நோய் உள்ள ஒரு மாணவி "தலை சுத்துது" என்றதும், அன்றைக்கு வகுப்பைப் பார்த்துக்கொண்ட மாற்று ஆசிரியர் மருத்துவ அறைக்குத் தனியாக அனுப்பிவிட்டார். நான் தற்செயலாகப் பார்த்தபோது மாடிப்படியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பேர் கேட்டால்கூடச் சரியாகப் பதில் வரவில்லை. ரத்தச் சர்க்கரையை அளந்தால் 52 மி.கி./டெ.லி.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் பிள்ளையைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். மருந்துப்பெட்டி பிள்ளையிடம் வரட்டும். 70-க்குக் கீழே இருந்தால் வேகமாக ஏறும் சர்க்கரை சுமார் 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகவே போதும், அளவை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாத பிள்ளைக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. அப்புறம், ஆண்டுக்கு ஒரு முழுநாள் பயிற்சி என்பதை முதலில் மாற்ற வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் இதய இயக்க மீட்புப் (CPR) பயிற்சியில் கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கிறது. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் வாயில் வரும், கைக்கு அந்த வேகம் வராது. மாதத்துக்குப் பத்து நிமிடம், பொம்மையைத் தரையில் போட்டு அழுத்திப் பாருங்கள். மாற்று ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள், அவர்களைத்தான் எல்லாப் பட்டியலும் மறந்துவிடுகிறது.

பள்ளி ஆலோசகர்:
எல்லோரும் அவசர சிகிச்சையையே பேசுகிறீர்கள். பொம்மையை வைத்துப் பழக முடியாத வேலையும் இதில் இருக்கிறது. வயிற்றுவலி என்று அடிக்கடி வரும் ஒரு சிறுமி, ஒருநாள் கதவைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே?" என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணத்தான் மனசு துடித்தது. பயிற்சியில் இதே கேள்வியை ஒருவர் குழந்தையாக நடித்துக் கேட்க, நாங்கள் ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகியிருந்தோம். அதனால், "உன்னைப் பத்திரமாப் பாத்துக்க யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று வந்தது. அவள் பாதி எழுந்துவிட்டாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே நின்றவள், மறுபடி உட்கார்ந்தாள். அந்த நடிப்புப் பயிற்சியை இப்போது நேரமில்லை என்று எங்கள் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.

பள்ளிச் செவிலியர்:
உடற்கல்வி ஆசிரியருக்கு: நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். காலாவதியான பேனாக்களைச் சேர்த்துவைத்திருக்கிறேன், இந்த முறை ஆளுக்கு ஒன்று ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்க்கலாம். ஓட்டுநர்களையும் அழைக்கத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வண்டி எடுக்கும் நேரம் இடிக்கிறது என்கிறார். காலைச் சுற்று முடிந்ததும் அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன்.