பரிசல் ஓட்டத் தெரியும், ரிஷிகேஷில் ராஃப்டிங் கைடு வேலைக்குப் போகலாமா?

துடுப்புக்காரன் மகன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 22, ஊர் பென்னாகரம் பக்கம். அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். பத்தாவது படிக்கும்போதிருந்தே லீவு நாட்களில் நானும் அவரோடு துடுப்புப் போட்டிருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் ஒன்றரை வருடம் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். கான்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பரிசல் பிழைப்பு எப்படி என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கர்நாடகாவில் அணையைத் திறந்தால், எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறும், உடனே பரிசலுக்குத் தடை. தண்ணீர் வற்றினால் பாறைதான் மிச்சம். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நாட்களில்தான் சோறு.

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் பரிசலில் ஏறினார். "உன் கை வேகத்துக்கு ரிஷிகேஷ் போ, அங்கே ராஃப்டிங் கைடுகளுக்கு நல்ல காசு" என்றார். அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீச்சல் நன்றாகத் தெரியும். ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. பயிற்சி எப்படி, சம்பளம் எவ்வளவு, சீசன் இல்லாத மாதங்களில் என்ன செய்வார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அம்மா இப்போதே அழ ஆரம்பித்துவிட்டார்.

வீக்எண்ட் டூரிஸ்ட்:

நான் இரண்டு முறை போயிருக்கிறேன், ஷிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை 16 கிலோமீட்டர். எங்கள் கைடுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். வழியெல்லாம் ஜோக் அடித்துக்கொண்டு, ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு செம ஜாலியாக இருந்தான். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. யோசிக்காமல் போங்கள் ப்ரோ!

கசம்:

தம்பி, மேலே நண்பர் சொல்லும் ஜாலி, காசு கொடுத்து முன்னால் உட்காருகிறவருடையது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கதையை நான் சொல்கிறேன். 2012 செப்டம்பரில் போனேன், 2020 மார்ச்சில் திரும்பினேன். எட்டு சீசன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், இப்போது அங்கேயே பம்ப்செட் ரிப்பேர் கடை.

நீச்சலைப் பற்றி முதலில். அது வேண்டும், ஆனால் அதை வைத்து உங்களை யாரும் மதிக்கமாட்டார்கள். தாமிரபரணியில் கசத்துக்குக் கசம் (கசம் என்றால் ஆற்றில் ஆழமான இடம்) முங்கு நீச்சல் போட்ட திமிரில்தான் நானும் போனேன். முதல் சீசனிலேயே படகைக் கவிழ்த்துப் பழகச் சொன்னார்கள். ஜனவரிக் கங்கை. தலை முங்கியதும் மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. கை கால் நன்றாகத்தான் இருந்தது, மூச்சுதான் வரவில்லை. அந்தக் குளிரில் நீச்சல் மறந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டை நம்பி மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் ஓடும் திசைக்கு நீட்டி மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நடுவில் எழுந்து நிற்க ஆசைப்படாதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கினால் பின்னால் வரும் தண்ணீர் ஆளை அப்படியே மடக்கிவிடும்.

உங்களிடம் இருக்கும் உண்மையான சொத்து தண்ணீரைப் பார்க்கும் கண். எங்கே பாறை ஒளிந்திருக்கிறது, எங்கே சுழி, எங்கே எதிர் ஓட்டம் என்பதெல்லாம் உங்களுக்கு அப்பாவிடமிருந்து வந்திருக்கும். நகரத்துப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு சீசன் ஆகும். ஆனால் கையை மாற்றிப் பழக வேண்டும். பரிசலுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, சுற்றிக்கொண்டே தப்பிக்கும். காற்றடித்த ரப்பர் படகான ராஃப்டுக்கு மூக்கு உண்டு. அலைக்கு மூக்கை நேராகக் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, பரிசலில் துடுப்புப் போடுவது நீங்கள் மட்டும்தான், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இங்கே படகை நகர்த்துவதே டெல்லியிலிருந்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்த எட்டு பேர். நீங்கள் ஃபார்வர்ட் என்று கத்தும்போது இரண்டு பேர் செல்ஃபிக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆற்றைப் படிக்க இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டேன். ஆட்களைப் படிப்பது கடைசி வரைக்கும் முழுதாக வரவில்லை.

அதற்கு ஒரு கதை. 2016 ஏப்ரல், ஷிவ்புரிக்கு மேலே இருக்கும் மரைன் டிரைவிலிருந்து கிளம்பிய ட்ரிப். ஷிவ்புரியில் ஒதுங்கி டீயும் மேகியும் சாப்பிட்டார்கள். அதில் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர் ஒருவர், வயிறு நிறைந்ததும் ஜாக்கெட் இறுக்குகிறது என்று வார்களைத் தளர்த்திவிட்டார். கிளம்பும்போது எல்லோருடைய தோள்பட்டி வாரையும் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும், அதுதான் விதி. மரைன் டிரைவில் ஏறும்போது பார்த்தேன். டீக்குப் பிறகு பார்க்கவில்லை. அன்றைக்கு அது இரண்டாவது ட்ரிப், அலுப்பு. ரோலர் கோஸ்டர் என்கிற ரேப்பிடில், அதாவது தண்ணீர் சீறி ஓடும் இடத்தில், கவிழ்ந்தோம். ஏழு பேர் படகைச் சுற்றியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைக் காணோம். பார்த்தால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கிறது. கழுத்து வரை ஏறி, அதற்குள் அவர் முகம் தண்ணீருக்கு அடியில். கூடவே சேஃப்டி கயாக்கில் (ஆளைக் காப்பாற்ற வரும் சின்னப் படகு) வந்த நேபாளிப் பையன் என்னைவிட முந்திப் போய்ப் பிடித்துவிட்டான். கரையில் அவர் வாந்தி எடுத்தார், பிறகு சிரித்தார், என் கையைப் பிடித்து நன்றி சொல்லி ஐநூறு ரூபாய் டிப்ஸும் கொடுத்தார். அந்த ஐநூறை நான் செலவு செய்யவில்லை. ரொம்ப நாள் தண்ணீர் புகாத என் டிரை பேக்கில் கிடந்தது. தப்பு என்னுடையது என்று அவருக்குத் தெரியாது.

சீசன் விவரம்: செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம், ராஃப்டிங் மூடியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் பச்சையாகத் தெளிந்து இருக்கும், கூட்டம் குறைவு, விரல் வெடிக்கும். மார்ச்சில் ஹோலிக்கு ஆரம்பிக்கிற கூட்டம் ஜூன் வரை விடாது. மே மாதம் பனி உருகி வண்டல் கலந்து வரும்போது படகின் அடியில் காது வைத்துப் பாருங்கள், உஸ்ஸென்று மணல் உரசும் சத்தம் கேட்கும். எனக்குப் பிடித்த சத்தம் அது. தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு ரேப்பிடும் வேறு ஆளாகிவிடும். சில காணாமல் போகும், சில புதிதாய் முளைக்கும். மேலே பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது, அங்கே மின்சாரத்துக்குத் தண்ணீர் விடுவதைப் பொறுத்து ஒரே நாளில் மட்டம் ஏறி இறங்கும். கரையில் ஒதுங்கினால் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு டீ குடிப்போம். திரும்பி வரும்போது கல் நனைந்திருந்தால் கிளம்பிவிட வேண்டும். பிலிகுண்டுலு கணக்கு பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

காசு. என் முதல் சீசனில் சம்பளமே கிடையாது, சாப்பாடும் படுக்க இடமும்தான். ராஃப்டைத் தூக்கி ஜீப் மேல் ஏற்றுவது, காற்றடிப்பது, ஈரமான ஜாக்கெட்டுகளைக் காயப்போடுவது இதுதான் வேலை. இரண்டாம் சீசனில் ட்ரிப் கணக்கில் கொடுத்தார்கள். அதற்கு மேல் டிப்ஸ், கேமரா வீடியோ விற்றால் பங்கு. இந்த வீடியோ வியாபாரம் வந்த பிறகுதான் தொழில் கொஞ்சம் கெட்டது என்பது என் அபிப்பிராயம். கைடின் கண் தண்ணீரில் இருக்க வேண்டும், லென்ஸில் இருக்கக்கூடாது. ஒரு கம்பெனி எனக்கு மே மாத ட்ரிப் காசைத் தராமலேயே சீசனை முடித்துவிட்டது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்க வழியில்லை. நீங்கள் தினமும் ஓட்டிய ட்ரிப்பைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆறு கெட்டால் மட்டும் வேலை போகும் என்று நினைக்காதீர்கள். 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே ஆற்றங்கரை முகாம்களுக்குத் தடை போட்டது. ராஃப்டிங்குக்குத் தடையில்லை, ஆனால் முகாமில் வேலை பார்த்த எங்கள் பையன்கள் பலர் ஊருக்குப் போனார்கள். மணல் திட்டுகள் நாறிக் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால் அந்தத் தடையைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 ஜூனில் நைனிடால் உயர் நீதிமன்றம், முறையான கொள்கை வகுக்கும் வரை ராஃப்டிங்கையே நிறுத்தச் சொன்னது. 2020 மார்ச்சில் ஹோலிக் கூட்டம் முடிந்து நிமிர்ந்தால் லாக்டவுன். எனக்கு ஏற்கெனவே வலது தோள் இரண்டு முறை இறங்கியிருந்தது. அதோடு வந்துவிட்டேன்.

மூடியிருக்கும் மாதங்களுக்கு வழி இருக்கிறது. கைடுகள் பலர் லடாக்கில் லே பக்கம் போவார்கள். சிந்து, ஜான்ஸ்கர் ஆறுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சீசன். நம் பக்கம் குடகில் பாராபோலே ஆறு இருக்கிறது. மழை பெய்தால்தான் அங்கே படகே இறங்கும், அதனால் ரிஷிகேஷ் மூடும்போது அது திறக்கும். சொல்லப்போனால் நீங்கள் முதலில் போக வேண்டியது அங்கேதான். பென்னாகரத்திலிருந்து ஒரு நாள் பயணம், கன்னடம் உங்களுக்கு ஓரளவு புரியும், சரிப்படவில்லை என்றால் மறுநாள் வீட்டில் இருக்கலாம்.

மலைநாட்டான்:

நான் இலங்கை, ஹட்டன். பக்கத்தில் கித்துல்கலவில், களனி கங்கையில் நான்கு வருசம் படகு ஓட்டினேன். கசம் அண்ணன் சொன்ன ஜாக்கெட் கதை எல்லா ஆற்றிலும் நடக்கிறதுதான். எங்கள் பக்கம் சோற்றுக்குப் பிறகு ஆட்களை மறுபடி வரிசையில் நிற்க வைத்துத் தோள்பட்டியை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏற விடுவோம்.

தம்பிக்கு ஒரு விசயம். எங்களுக்கும் தண்ணீர் மின்சார நிலையங்களின் கையில்தான். மேலே திறந்தால் படகு, இல்லாவிட்டால் கல். பிராட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வருவதற்கு முன்பிருந்தே எங்கள் ஆட்களுக்கு இருந்த பெரிய பயம், இனி எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பதுதான். ஆகவே இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நான் ஓட்டிய காலத்திலும் வீட்டார் தோட்டத்து வேலையை விடவில்லை, அதனால்தான் நின்று பிடித்தேன். மற்றது, ஹிந்தி தெரியாது என்று பயப்பட வேண்டாம். எனக்கும் ஆரம்பத்தில் சிங்களம் அரைகுறைதான். ஆற்றில் பேசுவது பத்துச் சொல். சத்தமாகச் சொன்னால் போதும்.

துடுப்புக்காரன் மகன்:

கசம் அண்ணா, மலைநாட்டான் அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கல் வைத்துப் பார்க்கிற விசயத்தைக் கேட்டுச் சிரித்தார், அவர் குச்சி நடுவாராம். இன்னும் இரண்டு கேள்வி. சான்றிதழ் ஏதாவது கட்டாயமா? அப்புறம், அம்மாவிடம் என்ன சொல்வது?

கசம்:

உத்தராகண்டில் சுற்றுலாத் துறையின் அனுமதி இல்லாமல் கைடாக ஓட்ட முடியாது. அதற்குச் சோதனை உண்டு, முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். ஆகவே முதல் சீசனில் கைடு என்று யாராவது உங்களை உடனே படகில் ஏற்றினால் அந்தக் கம்பெனிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு ஐ.ஆர்.எஃப் என்கிற சர்வதேச ராஃப்டிங் சம்மேளனத்தின் கைடு சான்றிதழ் எடுக்கலாம். வெளிநாட்டு ஆற்றில் வேலை தேடினால் அது உதவும். மெக்கானிக்கல் படித்ததையும் விட்டுவிடாதீர்கள். பம்ப், வால்வு, கிழிந்த ராஃப்டுக்கு ஒட்டுப் போடுவது தெரிந்த பையனைச் சீசன் முடிந்தாலும் கம்பெனி அனுப்பாது. எனக்கு முதல் வருடம் சோறு போட்டது ஒட்டுப் போடத் தெரிந்த இந்தக் கைதான், துடுப்பு இல்லை.

அம்மாவுக்கு. ரிஷிகேஷுக்கு மேலே எழுபது கிலோமீட்டரில் தேவப்பிரயாகை. அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கை என்று பெயர் வாங்குவது அங்கேதான். பெரியாழ்வார் பாடிய திருக்கண்டமென்னும் கடிநகர் அதுதான், 108 திவ்ய தேசத்தில் ஒன்று. என் அம்மா மூன்று வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் வருடம் அங்கே கூட்டிப்போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முங்க வைத்தேன். எழுந்ததும் முதலில் கேட்டது, "இந்தக் குளிரிலா நீ தினமும் கிடக்கிறாய்?" என்றுதான். அதற்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது, திட்டாகவே இருந்தாலும்.

துடுப்புக்காரன் மகன்:

சரி அண்ணா. முதலில் குடகு. இன்று காலையிலிருந்து இங்கே பரிசலுக்குத் தடை, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் மழை என்றுதான் சொல்கிறார்கள். அப்பா பழைய துடுப்பைத் துடைத்து வைத்திருக்கிறார், எடுத்துப் போ என்கிறார். அது அங்கே எதற்கும் ஆகாதுதானே?

கசம்:

ஆகாது. எடுத்துக்கொண்டு போங்கள்.